விளையும் பயிர் முளையிலே தெரியாது

ஏப்ரல் மாதக் கடைசியில், வியாழக்கிழமை இரவு தொடங்கிச் சனிக்கிழமை வரை, அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லின் 32 அணிகளும் கல்லூரி மைதானங்களிலிருந்து தங்களுக்கான புது வீரர்களைப் பொறுக்கி எடுக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மதிப்பெண் பட்டியல் தயார். இந்த அணிக்கு ஏ, அந்த அணிக்கு பி பிளஸ், பாவம் இன்னோர் அணிக்கு டி. தேர்வான பையன்களில் ஒருவன்கூட இன்னும் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடவில்லை. பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு நான்கு மாதத்துக்கு மேல் கிடக்கிறது. ஆனாலும் எந்த மேலாளர் கெட்டிக்காரர், எவர் ஏமாளி என்று தீர்ப்பு எழுதியாயிற்று.

இந்தத் தீர்ப்புகளைத் தாங்கி நிற்பது ஒரு நம்பிக்கை. திறமை என்பது இருபத்திரண்டு வயதுப் பையனுக்குள் ஏற்கெனவே முழுதாக இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்த கண் சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. கண் உள்ளவர் அணியை உயர்த்துவார், இல்லாதவர் வேலையை இழப்பார். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நாம் ஒரே வரியில் சொல்லி முடிப்பதை அவர்கள் கோடிக்கணக்கான டாலர் செலவழித்து, மூன்று நாள் நேரலையாகச் சொல்கிறார்கள். ரசிகரும் நம்புகிறார், பத்திரிகையாளரும் நம்புகிறார், அணி முதலாளியும் நம்புகிறார். இது பொய் என்பதற்கான சாட்சியம் டிராஃப்ட் என்ற இந்தத் தேர்வின் வரலாற்றிலேயே ஆண்டுதோறும் பதிவாகிக்கொண்டிருக்கிறது.

முறை எளிது. போன பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும், சாம்பியன் கடைசியில் எடுக்கும். இப்படி ஏழு சுற்று. பணக்கார அணிகளே எல்லாரையும் வளைத்துப் போட்டுவிடாமலிருக்க, ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல் 1935இல் சொன்ன யோசனை இது. 1936இல் நடந்த முதல் டிராஃப்டின் முதல் தேர்வு ஜே பெர்வாங்கர். பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை என்று பெயர்பெற்ற விருதை முதன்முதலில் வாங்கியவர். அன்றைக்கு அவரைவிடப் பேர்பெற்ற கல்லூரி வீரர் இல்லை. அவர் என்.எஃப்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆரம்பமே இப்படி.

இந்த நம்பிக்கையை உடைக்க வேறு வேறு அணிகளை ஒப்பிட வேண்டியதில்லை. ஒரே அணி, ஒரே அறை, அதே ஆட்கள் போதும். 2021இல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணி, மேலாளர் ஜான் லிஞ்ச், பயிற்சியாளர் கைல் ஷானஹான் இருவரின் பொறுப்பில், 12ஆம் இடத்திலிருந்து 3ஆம் இடத்துக்கு ஏறியது. அந்த ஏற்றத்துக்காக அந்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு உரிமையோடு 2022, 2023 இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும், போதாததற்கு ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் மயாமிக்குக் கொடுத்தது. எடுத்த வீரர் ட்ரே லான்ஸ், குவார்ட்டர்பேக். அதாவது பந்தை வீசி ஆட்டத்தையே நடத்துபவர். அந்த அணிக்காக அவர் தொடக்க வீரராக இறங்கியது நான்கே ஆட்டம். 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு அவரை டாலஸுக்குத் தள்ளிவிட்டார்கள்.

இடையில் 2022 டிராஃப்ட். அதே லிஞ்ச், அதே ஷானஹான். மொத்தம் 262 பேர் எடுக்கப்பட்ட அந்த ஆண்டில் 262ஆவது ஆளாக அவர்கள் எடுத்தது ப்ராக் பர்டி என்ற குவார்ட்டர்பேக்கை. கடைசித் தேர்வை 'மிஸ்டர் இர்ரெலவன்ட்' என்று கேலிப்பட்டம் கட்டி அழைப்பது அங்கே வழக்கம். லான்ஸுக்குக் கணுக்கால் முறிந்தது, அவர் இடத்துக்கு வந்த ஜிம்மி கரோப்போலோவின் பாதம் முறிந்தது, வேறு ஆளில்லாமல் டிசம்பரில் பர்டியை இறக்கினார்கள். அந்தப் பருவமே அணி அரையிறுதிக்கு நிகரான மாநாட்டு இறுதி ஆட்டம் வரை போனது. அடுத்த பருவம், 2024 பிப்ரவரியில், லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை.

மூன்று ஆண்டின் முதல் சுற்று உரிமைகளைக் கொட்டி வாங்கியவர் நான்கு ஆட்டம். யாரும் கேட்காமல் மிச்சமிருந்தவர் சூப்பர் பவுல். லிஞ்சுக்கும் ஷானஹானுக்கும் கண் இருக்கிறதா, இல்லையா? லான்ஸை எடுத்தபோது இல்லாத கண் பன்னிரண்டு மாதத்தில் முளைத்ததா? முளைத்திருந்தால் பர்டிக்கு முன்னால் வேறு எட்டுப் பேரை ஏன் எடுத்தார்கள்?

இங்கே எல்லாரும் டாம் பிரேடியை இழுப்பார்கள். 2000ஆம் ஆண்டு, ஆறாம் சுற்று, 199ஆவது தேர்வு. கடைசியில் ஏழு சூப்பர் பவுல். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அதிலிருந்து எடுக்கும் பாடம் தலைகீழானது. மற்ற அணிகள் குருடு, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் பில் பெலிசிக் மட்டும் ஞானக்கண் படைத்தவர் என்கிறார்கள். அந்த டிராஃப்டில் பெலிசிக்கின் அணி பிரேடிக்கு முன்னால் ஆறு பேரை எடுத்தது. பிரேடி யாரென்று தெரிந்திருந்தால், இத்தனை முறை வேறொருவர் தட்டிக்கொண்டு போகும் வாய்ப்பைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாரா ஒரு மனிதர்? தெரியாது. அதனால்தான் காத்திருந்தார். 2001 செப்டம்பரில் தொடக்கக் குவார்ட்டர்பேக் ட்ரூ ப்ளெட்சோ ஒரு மோதலில் படுகாயமடைந்து விழாதிருந்தால் பிரேடி எப்போது மைதானத்துக்குள் வந்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ப்ளெட்சோ 1993 டிராஃப்டின் முதல் தேர்வு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இவை பொறுக்கியெடுத்த கதைகள் என்று யாராவது சொல்லலாம். சரி, கணக்குக்கு வருவோம். பொருளியலுக்கான நோபல் பரிசை 2017இல் பெற்ற ரிச்சர்டு தேலரும் கேட் மாஸியும் பல ஆண்டு டிராஃப்டுகளை எடுத்து ஆராய்ந்து, 'லூசர்ஸ் கர்ஸ்' என்ற தலைப்பில் 2013இல் முழுவடிவில் வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்று: ஒரே நிலையில் ஆடும் வீரர்களை எடுக்கப்பட்ட வரிசையில் வைத்தால், முன்னவர் தமக்கு அடுத்தவரைவிட நன்றாக ஆடுவது எவ்வளவு தடவை? கிடைத்த விடை நூற்றுக்கு 52 அளவில். காசைச் சுண்டிப் போட்டால் 50. ஆண்டு முழுக்க ஊர் ஊராகத் திரியும் திறன் தேடுவோர் படை, ஒளிப்பதிவுகள், நேர்காணல்கள், இண்டியானபோலிஸில் கையின் அளவுவரை அளக்கும் சோதனை முகாம் இவ்வளவும் சேர்ந்து காசுக்கு மேலே கூட்டியது அந்த இரண்டு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் போனவர்கள், மொத்தமாகப் பார்த்தால், ஏழாம் சுற்றில் போனவர்களைவிட நன்றாகவே ஆடுகிறார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பதல்ல என் வாதம். கூட்டத்தில் நல்ல ஐம்பது பேர் யார் என்று ஏறத்தாழத் தெரியும். அந்த ஐம்பதில் இவன்தான் என்று விரலை நீட்டத் தெரியாது. ஆனால் டிராஃப்டைப் பற்றிய பேச்சு முழுவதும், மதிப்பெண் முழுவதும், பேரங்கள் முழுவதும் அந்த விரல் நீட்டலின் மேல்தான் நிற்கின்றன.

பேரங்களைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் டாலஸ் கௌபாய்ஸ் அணியினர் ஒரு விலைப்பட்டியல் போட்டார்கள்; பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. முதல் இடத்துக்கு 3000 புள்ளி, 32ஆம் இடத்துக்கு 590. முதலாமவன் முப்பத்திரண்டாமவனைப் போல ஐந்து மடங்கு பெறுமானம் என்று அர்த்தம். தேலரும் மாஸியும் காட்டியது, மேலிடங்களுக்கு அணிகள் கொடுக்கும் விலை அவற்றிலிருந்து கிடைக்கும் ஆட்டத்துக்குக் கொஞ்சமும் கட்டுப்படியாகாது என்பது. அன்று சம்பளமும் அப்படித்தான் இருந்தது: 2010இன் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உத்தரவாதம். 2011 ஒப்பந்தத்தில் புதுமுகங்களின் சம்பளத்துக்கு வரம்பு வந்தது. அந்த ஆண்டின் முதல் தேர்வு கேம் நியூட்டன் நான்காண்டுக்கு வாங்கியது சுமார் 2.2 கோடி. எனவே மேலிடம் முன்னைவிட மலிவு என்பது உண்மை. வீரன் மலிவாகிவிட்டான் என்பதற்காக அவனைக் கணிப்பது எளிதாகிவிடவில்லை.

வாஷிங்டன் அணி 2012இல் 6ஆம் இடத்திலிருந்து 2ஆம் இடத்துக்கு ஏற, அந்த இடத்தோடு ஓர் இரண்டாம் சுற்று உரிமையையும் அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும் கொடுத்தது. வந்தவர் ராபர்ட் கிரிஃபின். முதல் பருவத்திலேயே தாக்குதல் வரிசையின் சிறந்த புதுமுகம் என்ற விருது வாங்கினார். 2013 ஜனவரியில் முழங்கால் போனது. பழைய ஆட்டம் திரும்பவில்லை. அதே டிராஃப்டில் அதே வாஷிங்டன், நான்காம் சுற்றில், 102ஆவது ஆளாக இன்னொரு குவார்ட்டர்பேக்கையும் எடுத்து வைத்திருந்தது: கர்க் கசின்ஸ். 2015இல் அணியைப் பிரிவின் முதலிடத்துக்குக் கொண்டுபோனவர் அவர்தான்.

2017இல் சிகாகோ பேர்ஸ் ஒரே ஒரு படி, 3இலிருந்து 2க்கு, ஏறுவதற்காகக் கூடுதல் உரிமைகளைக் கொடுத்து மிட்செல் ட்ரபிஸ்கியை எடுத்தது. 9ஆவது ஆளாக சின்சினாட்டி எடுத்தது ஜான் ராஸை. சோதனை முகாமில் 40 கெஜத்தை 4.22 நொடியில் ஓடிச் சாதனை படைத்தவர். 10ஆவது ஆளாகக் கன்சாஸ் சிட்டி எடுத்தது, பின்னாளில் லீகின் பெரும் நட்சத்திரமான பேட்ரிக் மஹோம்ஸை. 2023இல் கரோலைனா பேந்தர்ஸ் 9இலிருந்து முதலிடத்துக்கு ஏற, சிகாகோவுக்குத் தன் சிறந்த பந்து பிடிப்பாளர் டி.ஜே. மூரையே கொடுத்தது, கூடவே அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமையையும். எடுத்த பிரைஸ் யங் தொடங்கிய ஆட்டங்களில் அணி 2 வென்று 14 தோற்றது. கொடுத்த உரிமை அடுத்த ஆண்டு டிராஃப்டின் முதலிடமாகவே மாறிச் சிகாகோவுக்குப் போனது. இத்தனைக்கும் 2ஆம் இடத்தில் போன சி.ஜே. ஸ்ட்ரவுட் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம்.

பிரைஸ் யங்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முதல் பருவத்தை வைத்து அவரைத் தூக்கிலிட்டவர்களைக் குறை சொல்கிறேன். மதிப்பெண் நோயின் இரண்டாம் கட்டம் அது: டிராஃப்ட் முடிந்த மறுநாள் போட்ட மதிப்பெண்ணை முதல் பருவம் முடிந்த மறுநாள் திருத்துவது. 1998இன் முதல் தேர்வு பெய்டன் மேனிங், தம் முதல் பருவத்தில் எதிரணியின் கைக்கு 28 முறை பந்தை வீசிக் கொடுத்தார். புதுமுகங்களில் அது சாதனை. அணி 3 வென்று 13 தோற்றது. 1989இன் முதல் தேர்வு ட்ராய் எய்க்மன் தொடங்கிய 11 ஆட்டத்திலும் டாலஸ் தோற்றது. எய்க்மனை எடுத்த சில மாதத்தில் ஜிம்மி ஜான்சன், துணை டிராஃப்டில் ஒரு முதல் சுற்று உரிமையைக் கொடுத்து ஸ்டீவ் வால்ஷ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கையும் கொண்டுவந்திருந்தார். அந்தப் பருவம் டாலஸ் வென்ற ஒரே ஆட்டத்தைத் தொடங்கியது வால்ஷ்! முதல் ஆண்டு மதிப்பெண்படி அணி வைத்துக்கொள்ள வேண்டியவர் வால்ஷ், விற்க வேண்டியவர் எய்க்மன். எய்க்மன் பிறகு மூன்று சூப்பர் பவுல் வென்றார். மறுபக்கம், மஹோம்ஸ் முதல் பருவத்தில் ஒரே ஆட்டம் தொடங்கினார். பின்னாளில் நட்சத்திரமான ஏரன் ராஜர்ஸ் மூன்று பருவம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர்களுக்கு அப்போது என்ன மதிப்பெண் போடுவது?

விவரமறிந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் இந்த இடத்தில் ஒரு நடுநிலை விடை வைத்திருக்கிறார்கள்: 'அவசரப்படாதே, மூன்றாண்டு கழித்து மதிப்பெண் போடு.' கேட்க நியாயமாக இருக்கிறது. அடிப்படைப் பிழை அப்படியே இருக்கிறது. மூன்றாண்டு கழித்துத் தெரிவது அந்த வீரனுக்குள் முதலிலேயே இருந்ததுதான் என்று அதுவும் நம்புகிறது. அவன் எந்தப் பயிற்சியாளரிடம் போனான், அவனுக்கு முன்னால் நின்று காக்கும் தடுப்பு வரிசை எப்படி, பந்து பிடிக்க யார் இருந்தார்கள், எத்தனை முறை ஆட்டத் திட்டத்தையே மாற்றினார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வருவதில்லை.

2005இன் முதல் தேர்வு அலெக்ஸ் ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பருவத்தில் 1 டச்டவுன் வீச்சு, 11 வீச்சு எதிரணிக்கு. சான் பிரான்சிஸ்கோவில் அவருக்குத் தாக்குதல் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு திட்டத்தைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது. மூன்றாண்டு கழித்தும் அவர் தோல்விதான், ஐந்தாண்டு கழித்தும் தோல்விதான். 2011இல் ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்தார். அதே ஸ்மித்தோடு அணி 13 வென்று 3 தோற்றது. 2013இல் நியூயார்க் ஜெட்ஸ் எடுத்துக் கைவிட்ட ஜீனோ ஸ்மித், ஒன்பது ஆண்டு கழித்து, 2022இல், சியாட்டிலில் நட்சத்திரமானார். 2018இல் அதே ஜெட்ஸ் 3ஆவதாக எடுத்துத் துரத்திய சாம் டார்னல்டு, மூன்று அணி தாண்டி 2024இல் மின்னசோட்டாவுக்கு வந்தபோது அணி 14 வென்று 3 தோற்றது. இவர்களெல்லாம் எந்த ஆண்டு எந்த மதிப்பெண் பெற வேண்டியவர்கள்?

அந்த 2018ஆம் ஆண்டை ஒரு பாடநூலாகவே வைக்கலாம். முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள். முதலிடத்தில் போன பேக்கர் மேஃபீல்டு, கிளீவ்லாந்தும் கரோலைனாவும் கைவிட்ட பின் டாம்பா பேயில் தலைநிமிர்ந்தார். 7ஆம் இடத்தில் பஃபலோ எடுத்த ஜாஷ் ஆலனைக் குறி தப்பும் கை என்று பரிகசித்தார்கள். முதல் பருவத்தில் அவர் வீச்சில் பாதிக்குச் சற்று மேல்தான் சொந்த ஆளிடம் சேர்ந்தது. பஃபலோ பொறுத்தது, 2020இல் ஸ்டெஃபன் டிக்ஸ் என்ற தரமான பந்து பிடிப்பாளரைக் கொண்டுவந்து நிறுத்தியது, அந்தப் பருவம் நூற்றுக்கு 69 சேர்ந்தது. 10ஆம் இடத்தில் அரிசோனா எடுத்த ஜாஷ் ரோசனுக்குக் கிடைத்தது ஒரே பருவம். நடுவில் தாக்குதல் பயிற்சியாளர் நீக்கம், முடிவில் தலைமைப் பயிற்சியாளர் நீக்கம், மறு ஏப்ரலில் அவர் இடத்துக்கு இன்னொரு குவார்ட்டர்பேக். 32ஆம் இடம்வரை காத்துக்கிடந்த லமார் ஜாக்சனுக்காகப் பால்டிமோர் தன் ஆட்டமுறையையே மாற்றியமைத்தது. அவர் 2019லும் 2023லும் லீகின் தலைசிறந்த வீரர். ஆலன் 2024இன் தலைசிறந்த வீரர். ரோசனைப் பஃபலோவும் ஆலனை அரிசோனாவும் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்பவரைத்தான் நான் நம்பவில்லை.

'அப்படியானால் சில அணிகள் தொடர்ந்து நன்றாகவே எடுக்கின்றனவே?' என்பது வலுவான எதிர்க்கேள்வி. சியாட்டில் 2010 முதல் 2012 வரை மூன்று டிராஃப்டில் ஒரு சாம்பியன் அணியையே கட்டியது. 2012இல் ப்ரூஸ் இர்வின், பாபி வாக்னர், ரஸ்ஸல் வில்சன் என்று அது எடுத்தபோது தேறவில்லை என்று மதிப்பெண் போட்டவர்கள் உண்டு; இரண்டு பருவத்தில் அந்த அணி டென்வரை 43-8 என்று நொறுக்கிச் சூப்பர் பவுல் வென்றது. சரி, மேதைகள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு, 2013இல், அதே மேதைகள் எடுத்தவர்களில் சியாட்டிலுக்கு நட்சத்திரமாக ஒருவரும் தேறவில்லை. பால்டிமோரின் அந்நாள் மேலாளர் ஆசி நியூசம் இத்துறையில் பெரிய பெயர். 2003 டிராஃப்டின் ஒரே நாளில் அவர் 10ஆவது ஆளாக டெரல் சக்ஸை எடுத்தார். சக்ஸ் அந்த அணிக்கு 16 பருவம் ஆடினார். அதே சுற்றில் பிறகு அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமையையும் கொடுத்து 19ஆவது ஆளாகக் கைல் போல்லரை எடுத்தார், போல்லர் நிலைக்கவில்லை. ஒரே கண், ஒரே நாள்.

நியூசமின் உண்மையான கெட்டிக்காரத்தனம் வேறிடத்தில் இருந்தது. விலகிப்போகும் வீரர்களுக்கு ஈடாக லீக் தரும் கூடுதல் தேர்வு உரிமைகளை அவர் அணி மற்ற எவரையும்விட அதிகமாகச் சேர்த்தது. தன் கணிப்பு தவறும் என்று அறிந்தவன் செய்யும் காரியம் அது. 1989இல் நட்சத்திர வீரர் ஹெர்ஷல் வாக்கரை மின்னசோட்டாவுக்கு விற்று ஒரு குவியல் உரிமைகளை வாங்கிய ஜிம்மி ஜான்சனும் செய்தது அதையே. நிறைய முறை எடுத்தால் சில முறை சரியாக விழும். வென்றவர்கள் இதைச் செய்துவிட்டு, பேட்டியில் மட்டும் கண் இருந்தது என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை சாகவில்லை? இதை நம்புவதால் எல்லாருக்கும் பிழைப்பு நடக்கிறது. 1980 முதல் டிராஃப்ட் தொலைக்காட்சி நிகழ்ச்சி. 2024இல் டெட்ராய்ட்டில் அதைப் பார்க்கக் கூடியவர்கள் ஏழே முக்கால் லட்சம் பேர். 'பார்க்கலாம், தெரியாது' என்று சொல்லும் நிபுணருக்கு அந்த மேடையில் நாற்காலி கிடையாது. மேலாளருக்கும் தெரியாது என்று சொல்ல வழியில்லை. சொன்னால் பிறகு எதற்குச் சம்பளம் என்று முதலாளி கேட்பார். ரசிகருக்கோ அணி தோற்கும்போது திட்ட ஒரு முகம் வேண்டும். நிபுணர்கள் போன ஆண்டு போட்ட மதிப்பெண்ணை எடுத்து வைத்துச் சரிபார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

இதற்கு விலை கொடுப்பவன் அந்தப் பையன். தன்னை யார் எடுக்க வேண்டும், எந்த விலைக்கு எடுக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை டிராஃப்டில் அவனுக்கு இல்லை. மூன்று ஆண்டு உரிமைகளைக் கொட்டியது மேலாளர்; அந்தப் பாரத்தைச் சுமப்பது அவன். பயிற்சியாளரை நடுப்பருவத்தில் துரத்தியது முதலாளி; 'பஸ்ட்', அதாவது தேறாதவன், என்ற முத்திரை விழுவது அவன் நெற்றியில். தேர்வு தவறியது என்று எழுதும்போது, தேர்ந்தெடுத்த பிறகு அவனை என்ன செய்தார்கள் என்ற கேள்வி காணாமல் போகிறது. அணிகளுக்கு இதைவிட வசதியான மறைவிடம் வேறில்லை.

மதிப்பெண் போட்டே தீர வேண்டுமென்றால் வீரனுக்குப் போட வேண்டாம். இரண்டு விஷயங்களுக்குப் போடலாம். ஒன்று, கொடுத்த விலை: ஒரே ஒரு கணிப்புக்காக எத்தனை ஆண்டு வாய்ப்புகளை அடகு வைத்தார்கள்? இதை டிராஃப்ட் அன்றே சொல்லிவிட முடியும். லான்ஸ் எப்படி ஆடுவார் என்று தெரியாமலேயே சான் பிரான்சிஸ்கோவின் பேரம் மோசம் என்று சொல்லியிருக்கலாம், லான்ஸ் நன்றாக ஆடியிருந்தாலும் அது மோசமான பேரமாகவே இருந்திருக்கும். இரண்டு, வைத்துக்கொண்ட விதம்: அவனுக்கு ஒரே பயிற்சியாளர் எத்தனை பருவம் கிடைத்தார், காக்கும் வரிசைக்கு அணி எவ்வளவு செலவழித்தது, தயாராவதற்கு முன் எத்தனை ஆட்டத்தில் இறக்கிவிட்டார்கள்? இதற்குப் பல ஆண்டு பொறுத்துப் பார்க்க வேண்டும், பதில் சொல்ல வேண்டியவர் மேலாளரும் முதலாளியும். ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் இந்த இரண்டுக்கும் இடம் இல்லாதது தற்செயல் அல்ல. இருபத்திரண்டு வயதுப் பையனைத் தோல்வி என்று எழுதிவிட்டால் யாரும் எதிர்த்துப் பேசப்போவதில்லை. அணியைத் தோல்வி என்று எழுதினால் அடுத்த நாள் பேட்டி கிடைக்காது.